பாமினி மாற்றித் தளத்தைக் குழுக்களில் அறிமுகப்படுத்தணும், ஸ்பேம்னு தள்ளிவிடாம இருக்க என்ன வழி?

எழுத்தாணி:

வணக்கம். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் தளம் ஒன்று தயாராக இருக்கிறது. பாமினி எழுத்துரு, திஸ்கி, டாப், டாம் என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்கள், நான்கும் வேலை செய்கின்றன. மாற்றம் உலாவிக்குள்ளேயே நடக்கிறது, ஒட்டுகிற உரை சர்வருக்குப் போவதில்லை. விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

அறிமுகப்படுத்த நினைக்கும் இடங்கள்: ஃபேஸ்புக்கில் 12 டிடிபி (கணினியில் பக்க வடிவமைப்பு), அச்சகக் குழுக்கள், ரெடிட்டில் இரண்டு, கோரா தமிழ், ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்கள், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம்), ஹேக்கர் நியூஸ் (தொழில்நுட்ப விவாதத் தளம்), தமிழ் விக்கிப்பீடியா. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போடலாம் என்று திட்டம். எழுதி வைத்திருப்பது இது:

"அனைவருக்கும் வணக்கம்! பாமினியை யூனிகோடாக மாற்ற மிகச் சிறந்த இலவசத் தளம்! ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள், மீண்டும் வருவீர்கள்! நண்பர்களுக்கும் பகிருங்கள்!"

கீழே லிங்க். இதில் என்ன திருத்தணும்?

படலை (மட்டுறுத்துநர், மன்றப் பதிவுகளைக் கண்காணிப்பவர்):

உரையிலும் சிக்கல் இருக்கிறது, வேகத்திலும் இருக்கிறது. தடை முதலில் விழுவது வேகத்தால்தான், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

ஸ்பேம் என்றால் விளம்பரம் என்று நினைப்பதுதான் பலருடைய தவறு. 1994 ஏப்ரலில் கேன்டர், சீகல் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கல் பற்றிய ஒரே அறிவிப்பை யூஸ்நெட் என்ற அன்றைய இணைய விவாத வலையமைப்பின் ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினார்கள். யூஸ்நெட் நிர்வாகிகளிடையே ஸ்பேமை அளக்க ஒரு கணக்கு வழக்கத்துக்கு வந்தது. அதன் பெயர் பிரைட்பார்ட் எண். ஒரு பதிவின் ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குப் போனதோ அதன் வர்க்கமூலத்தை எடுத்து எல்லாவற்றையும் கூட்டுவார்கள். 45 நாளுக்குள் கூட்டுத்தொகை 20-ஐத் தாண்டினால் நீக்கலாம். ஒரே பதிவை 9 குழுக்களுக்கும் சேர்த்து அனுப்பினால் 3 புள்ளி. ஒன்பது தனிப் பதிவாகப் போட்டால் 9 புள்ளி. பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்தக் கணக்குக்குள் வரவே வராது. எவ்வளவு நல்ல விஷயமாக இருந்தாலும் ஒரே உரை பல இடத்தில் விழுந்தால் அது ஸ்பேம்தான்.

இன்று யாரும் வர்க்கமூலம் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் தானியங்கி வடிகட்டிகளின் அடிப்படை அதேதான்: அதே டொமைன், அதே வாக்கியம், குறுகிய நேரம். உங்கள் 12 குழுக்களிலும் உறுப்பினர்களும் அட்மின்களும் பெரும்பாலும் ஒரே ஆட்களாகத்தான் இருப்பார்கள். காலையில் எழுந்து ஃபேஸ்புக்கைத் திறக்கிறவருக்கு உங்கள் பதிவு நாலு தடவை வரிசையாக வரும். ஐந்தாவது தடவை ரிப்போர்ட் அடிப்பார்.

வாரத்துக்கு ஒரு குழு, மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதணும். எழுத எதுவும் தோன்றவில்லை என்றால் அந்தக் குழுவுக்கு உங்கள் தளம் தேவையில்லை என்று வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

சந்தேகமான பதிவு வந்தால் மட்டுறுத்துநர் முதலில் பதிவைப் படிப்பதில்லை, பெயரைத்தான் சொடுக்குகிறார். கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எழுதிய பத்துப் பதினைந்து பதிவுகள் என்ன, அவற்றில் எத்தனை ஒரே டொமைனுக்குப் போகின்றன, மற்றவர் கேள்விக்கு ஒரு பதிலாவது உண்டா. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ரெடிட்டில் ஒரு டொமைனுக்கு இதுவரை யார் யார் லிங்க் போட்டார்கள் என்று பார்க்கத் தனிப் பக்கமே இருக்கிறது. பெயரை மாற்றி மாற்றிப் போட்டாலும் அங்கே எல்லாம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்.

உரையில் ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் எடுங்கள். "மிகச் சிறந்த" போகணும், "பகிருங்கள்" போகணும். யார் செய்தது என்ற வரி இல்லை, அது வரணும். எது வேலை செய்யாது என்ற வரியும் வரணும். படிப்பவருக்கு நம்பிக்கை வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரியால்தான்.

வேப்பங்குச்சி:

இங்கே ஒரு மாற்றுக்கருத்து. "நான் செஞ்ச தளம்"னு சொன்ன உடனே ஆளுங்க விளம்பரம்னு நகர்ந்துடுவாங்க. தெரிஞ்ச ஒருத்தரை விட்டு "இப்படி ஒரு தளம் பார்த்தேன், நல்லா இருக்கு"ன்னு போடச் சொன்னா இயல்பா இருக்குமே? அவர் உண்மையிலேயே பயன்படுத்தினவர்னா அது பொய்யும் இல்லையே?

படலை:

அவர் தானாகப் போட்டால் அது பரிந்துரை, நீங்கள் சொல்லிப் போட்டால் ஏற்பாடு. எல்லை அங்கேதான் இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன். விவாத மென்பொருள் பெரும்பாலானவற்றில் பதிவின் ஐபி முகவரி அட்மினுக்குத் தெரியும். ஒரே வீட்டு வைஃபையிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டு, இன்னொருவர் லிங்க் கொடுத்து, மூன்றாமவர் நன்றி சொன்னால் அடுத்தடுத்த வரிசையில் ஒரே எண் நிற்கும். ஐபி தெரியாத இடத்திலும், கணக்குத் தொடங்கிய தேதியும் அந்த ஒரு லிங்கைத் தவிர வேறெதுவும் எழுதாததும் காட்டிக்கொடுத்துவிடும். பிடிபட்டால் தடை கணக்கோடு நிற்காது, டொமைனையே கறுப்புப் பட்டியலில் போடுவார்கள். அதற்குப் பிறகு உண்மையாகவே பயன்படுத்திய ஒருவர் மனமுவந்து லிங்க் போட்டாலும் அது வெளியே வராது.

தளம் கட்டணச் சேவையாக மாறும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன.

"இதைச் செய்தது நான்தான்" என்பதைப் பதிவின் கடைசியில் மெல்லிய குரலில் சொல்லாதீர்கள், லிங்க் இருக்கும் அதே வரியில் சொல்லுங்கள். நகர்ந்து போகிறவர்கள் போகட்டும். நிற்கிறவர்கள் பிழையைச் சொல்வார்கள், ஏனென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

பொன்வண்டு:

தளம் தளமாகச் சொல்றேன், ஒவ்வொண்ணும் வேற மாதிரி.

ரெடிட்: ரொம்ப நாளா அங்கே சொல்லிவந்த கணக்கு பத்துக்கு ஒண்ணு. நீங்க போடுற பத்து விஷயத்துல உங்க சொந்தத் தளம் ஒண்ணுக்கு மேல வரக்கூடாது. இப்ப ஒவ்வொரு சப்ரெடிட்டும் (ரெடிட்டுக்குள்ள இருக்கிற தனிக் குழு) தன் விதியைத் தானே வெச்சுக்குது, அதனால வலப்பக்க விதிகளையும் மேல ஒட்டி வெச்சிருக்கிற பதிவையும் படிச்சுட்டுப் போங்க. பல இடத்துல கணக்குக்கு இத்தனை நாள் வயசு, இத்தனை கர்மா (மத்தவங்க ஓட்டால சேர்ற புள்ளி) இருக்கணும்னு ஆட்டோமாடரேட்டர்ங்கிற தானியங்கி பார்க்கும். அது தூக்கினா உங்களுக்குத் தெரியாமலும் போகலாம். உங்க கணக்குல பதிவு இருக்கிற மாதிரியே காட்டும், மத்தவங்களுக்குத் தெரியாது. போட்ட அஞ்சு நிமிஷத்துல லாகின் பண்ணாத தனிப்பட்ட ஜன்னல்ல அந்தச் சப்ரெடிட்டைத் திறந்து புதியவை வரிசையில இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா திரும்பப் போடாதீங்க, மட்டுறுத்துநர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்க. லிங்கைச் சுருக்கித் தர்ற சேவைகளை எங்கேயும் பயன்படுத்த வேண்டாம். எங்கே போகுதுன்னு தெரியாத லிங்கை வடிகட்டி முதல்ல பிடிக்கும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: சொந்தத் தயாரிப்பைச் சொல்லலாம், ஆனா அந்தப் பதிலுக்குள்ளேயே "இது என்னுடையது"ன்னு இருக்கணும். புரொஃபைல்ல எழுதி வெச்சது போதாது. வெறும் லிங்க் பதில் நிக்காது. பாமினியை யூனிகோடுக்கு எப்படி மாத்துறதுன்னு ஒருத்தர் கேட்டா, மாற்று அட்டவணையை எப்படி அடுக்கணும், நீளமான சரத்தை முதல்ல பொருத்தணும் ஏன், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால வர்றதைப் பின்னால நகர்த்தறது எப்படின்னு நிரலோட எழுதணும். ஓபன்-தமிழ் பைதான் நூலகத்துலயும் இதுக்கான பகுதி இருக்கு, அதையும் சொல்லுங்க. போட்டியாளரைச் சொல்ற பதிலை யாரும் விளம்பரம்னு புகார்க் கொடி போட மாட்டாங்க. ஸ்பேம்னு போதுமான கொடி விழுந்தா பதில் தானா அழியும், கூடவே 100 புள்ளி போகும். அஞ்சு வருஷப் பழைய கேள்வி ஏழெட்டைத் தேடிப் பிடிச்சு ஒரே நாள்ல ஒரே லிங்கைப் போடுறது ரொம்பப் பழைய தந்திரம். அது உடனே தெரிஞ்சுடும். சாட்ஜிபிடியை விட்டுப் பதில் எழுதறதையும் அங்கே 2022 டிசம்பர்லயே தடுத்துட்டாங்க.

ஹேக்கர் நியூஸ்: சொந்தமா செஞ்சதை "ஷோ எச்என்"னு தலைப்புல போட்டுக் காட்டலாம். விதி நேரானது. ஆளுங்க வந்து உடனே பயன்படுத்திப் பார்க்கிற பொருளா இருக்கணும். கட்டுரை, மின்மடல், "விரைவில் வருகிறது" பக்கம் எதுவும் அங்கே செல்லாது. உங்க தளத்துல கணக்கு வேண்டாம்கிறது பெரிய வசதி. நண்பர்களைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொல்லாதீங்க, கூட்டு ஓட்டைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு வெச்சிருக்காங்க. அழிச்சுட்டுத் திரும்பப் போடறதும் வேண்டாம். அங்கே படிக்கிறவங்கள்ல தமிழ் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர்தான், "தமிழுக்கு ஒரு மாற்றி"ங்கிறது அவங்களை இழுக்காது. அவங்களை இழுக்கப்போறது குறியாக்கப் பிரச்சினை. திஸ்கியிலயும் டாப்லயும் ஆங்கிலம் கீழ்ப்பாதி 128 இடத்துல அப்படியே இருக்கு, தமிழ் மேல்பாதியில இருக்கு. பாமினியில ஆங்கில எழுத்தோட இடத்துலயே தமிழ் உட்கார்ந்திருக்கு. அதனால பைட்டைப் பார்த்து இது பாமினியா ஆங்கிலமான்னு சொல்ல முடியாது. அரைப்புள்ளி வர்ற இடத்துலதான் பாமினியில மெய்ப்புள்ளி இருக்கு, ஆக ஒரு பத்தியில அரைப்புள்ளி அளவுக்கு மீறி வந்தா அது பாமினின்னு ஊகிக்கலாம். இதை முதல் பின்னூட்டமா நீங்களே எழுதுங்க. மென்பொருள் எழுதறவங்க பேச ஆரம்பிச்சுடுவாங்க.

டிஸ்கோர்ஸ் மென்பொருள்ல ஓடுற மன்றங்கள் (பைதான் மன்றம் அப்படித்தான்): புது உறுப்பினர் ஒரு பதிவுல 2 லிங்க்தான் போடலாம். புதியவர் ஒருத்தர் ஒரே டொமைனுக்குத் திரும்பத் திரும்பச் சுட்டினா மூணு தடவையில மென்பொருளே பதிவுகளை மறைச்சுடும். 5 இழையை (ஒரே தலைப்புல நடக்கிற உரையாடல்) திறந்து, 30 பதிவு படிச்சு, மொத்தம் 10 நிமிஷம் செலவழிச்சா அடுத்த நம்பிக்கை நிலைக்குப் போவீங்க. இதெல்லாம் இயல்பமைப்பு, நிர்வாகி மாத்தி வெச்சிருக்கலாம். பத்து நிமிஷம் படிக்கக்கூடப் பொறுமையில்லாம முதல் பதிவுலயே லிங்க் போடுறவரைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

வல்வைக்காற்று:

டிடிபி குழுக்களைப் பற்றி நான் சொல்லுறன். இலங்கையில பாமினி இன்னும் நல்லாப் பாவனையில இருக்கு, அச்சகங்களிலையும் அலுவலகங்களிலையும். அதால அந்தக் குழுக்களில உங்கட தளத்துக்கான கேள்வி தானாவே வரும். நீங்கள் போய் அறிவிக்கத் தேவையில்லை, காத்திருந்து பதில் சொன்னாப் போதும். குழுவின்ர தேடல் பெட்டியில "பாமினி", "யூனிகோட்", "எழுத்து மாறி வருது", "பிடிஎஃப் கொப்பி" எண்டு நாலு சொல்லையும் போட்டுப் பாருங்கோ. ஒரு மாதத்தில என்னென்ன கேட்டிருக்கினம் எண்டு விளங்கும்.

அடிக்கடி வாற கேள்வி: "பிடிஎஃப்பில இருந்து கொப்பி பண்ணினா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது, என்ன செய்ய?" இதுக்கு "இந்தத் தளத்தைப் பாருங்கோ" எண்டு மட்டும் சொன்னா அது ஸ்பேம். கீழே உள்ளது மாதிரிச் சொன்னா அது பதில்:

"அடோபி ரீடரில கோப்பின்ர பண்புகளுக்குப் போய் எழுத்துருத் தாவலைப் பாருங்கோ. பாமினி எண்டு பெயர் இருந்தா எந்தப் பாமினி மாற்றியிலும் போட்டுப் பார்க்கலாம். மாற்றின பிறகு மூண்டு இடம் பாருங்கோ. ஒண்டு, கொ, கோ, கௌ வாற சொற்கள். பழைய எழுத்துருவில கொம்பு எழுத்துக்கு முன்னால தனியா இருக்கும், யூனிகோட்டில பின்னால சேமிக்கப்படும். வரி முறியிற இடத்தில கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் நிண்டா மாற்றி தடுமாறும், முதல்ல வரி முறிவுகளை எடுத்துவிடுங்கோ. ரெண்டு, நடுவில ஆங்கிலச் சொல் இருந்தா அதுவும் தமிழாகிக் குழம்பும். வேர்டில ஆங்கிலப் பகுதியைத் தனியா எடுத்து வைச்சிட்டு மாற்றுங்கோ. மூண்டு, அரைப்புள்ளி வர வேண்டிய இடங்கள். பண்புகளில பாமினி எண்டிருந்தும் குப்பையா வந்தா, பிடிஎஃப் செய்யேக்க எழுத்துக் குறிகள் மாத்தப்பட்டிருக்கு. அதை எந்த மாற்றியாலும் மீட்க ஏலாது, டெசராக்ட் மாதிரி ஓசிஆர் (படத்தில இருந்து எழுத்தை எடுக்கிற மென்பொருள்) ஒண்டில படமாப் போட்டு எடுக்க வேணும்."

இதுக்குக் கீழ ஒரே ஒரு வரி: "நான் செய்த மாற்றி இது, உலாவிக்குள்ளேயே மாறும்." அதோட லிங்க். அந்தக் கடைசி வரியைக் கிள்ளி எறிஞ்சாலும் கேட்டவருக்கு வேலை முடியும். அப்பிடி ஒரு பதிலை எந்த அட்மினும் அழிக்க மாட்டார்.

"உலாவிக்குள்ளேயே மாறும்" எண்டதுக்கு ஆதாரமும் குடுங்கோ. அச்சகத்துக்கு வாறதில காணி உறுதி, கல்யாண அழைப்பிதழ், வினாத்தாள் எல்லாம் இருக்கும். பக்கத்தைத் திறந்தபிறகு இணையத்தைத் துண்டிச்சிட்டு மாற்றிப் பாருங்கோ எண்டு சொன்னாப் போதும். வினாத்தாள் அடிக்கிறவைக்கு இது பெரிய விசயம்.

சாக்பீஸ்:

ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வேற கணக்கு. அங்கே தேடல், வரலாறு எதுவும் உங்களுக்கு உதவாது. குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம், ஒரே செய்தி அத்தனை பேர் கையிலும் அதிரும். அதனால் முதலில் அட்மினுக்குத் தனிச்செய்தி: "ஐயா, பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்ற ஒரு தளம் செய்திருக்கிறேன். குழுவில் ஒருமுறை மட்டும் போடலாமா? வேண்டாமென்றால் பரவாயில்லை." அவரே போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு குழுவில் போட்டதை இன்னொன்றுக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம். மேலே ஃபார்வர்டு முத்திரை விழும். ஐந்து கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வந்து, 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த இரட்டை அம்பைப் பார்த்ததுமே பாதிப் பேர் வதந்தி என்று தள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

லிங்கின் முன்னோட்டம் சரியாக வரணும். பக்கத்தின் தலைப் பகுதியில் முன்னோட்டத்துக்கான ஓஜி (ஓப்பன் கிராஃப்) குறிகளில் தலைப்பு, விவரம், படம் மூன்றையும் எழுதி வையுங்கள். படம் 1200 × 630 பிக்சல், 600 கேபிக்குள். அதைவிடப் பெரிதாக இருந்தால் படமே வராமல் போகலாம். படத்தில் விளம்பர வாசகம் வேண்டாம். இடப்பக்கம் பாமினி உரை, வலப்பக்கம் அதே வரி யூனிகோடில் இருந்தால் விளக்கமே தேவையில்லை. முன்னோட்டம் அனுப்புகிறவரின் போனில்தான் உருவாகிறது. லிங்கை ஒட்டிவிட்டு அது மேலே தோன்றும்வரை பொறுத்து அப்புறம் அனுப்பணும். அவசரப்பட்டால் வெறும் லிங்க் மட்டும் போகும்.

முகவரியில் தமிழ் எழுத்து வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் சதவீதக் குறியாக உடையும். ஒரு தமிழ்க் குறி யூனிகோடில் 3 பைட், அது 9 எழுத்தாக விரியும். "தமிழ்" என்ற ஒரு சொல் 45 எழுத்தாகிவிடும். அவ்வளவு நீளமான புரியாத லிங்கைத் தொட யாருக்கும் துணிவு வராது.

எழுத்தாணி:

ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைக் கைவிட்டாச்சு. இரண்டு கேள்வி. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத்துருக் கட்டுரைகளின் வெளி இணைப்புகளில் சேர்க்கலாமா? மன்றக் கையொப்பத்தில் தளத்தின் பெயரைப் போட்டால் கூகுள் தேடலில் மேலே வர உதவுமா?

படலை:

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில்.

விக்கிப்பீடியாவில் சொந்தத் தளத்தைத் தானே சேர்ப்பது நலமுரண், அதாவது சொந்த லாபம் நடுநிலைக்குக் குறுக்கே வருவது. வெளி இணைப்புகள் பகுதி கருவிகளின் பட்டியலுக்கான இடமும் அல்ல. பல கட்டுரைகளில் ஒரே லிங்கைச் சேர்த்தால் அண்மைய மாற்றங்களைப் பார்க்கிறவர் கண்ணில் உடனே படும். முற்றினால் விக்கித் திட்டங்களின் பொது ஒருங்கிணைப்புத் தளமான மெட்டா விக்கியில் இருக்கும் பொதுக் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். அது ஒரு மொழிக்கானது அல்ல, எல்லா மொழி விக்கிகளுக்கும் பொருந்தும். கட்டுரைக்கு உண்மையிலேயே பயன்படும் என்று நினைத்தால் அதன் பேச்சுப் பக்கத்தில் "இது நான் செய்தது, சேர்க்கலாமா என்று பிறர் முடிவு செய்யட்டும்" என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கையொப்பம்: தேடல் தரவரிசைக்காக மன்றப் பதிவிலும் கையொப்பத்திலும் லிங்க் போடுவதைக் கூகுளின் ஸ்பேம் கொள்கை பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பயனும் கிடையாது. கருத்துப் பகுதி ஸ்பேமுக்காக, இந்த லிங்கைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி 2005-இலேயே வந்துவிட்டது. பயனர் எழுதியது என்று காட்டும் யூஜிசி குறியை 2019-இல் சேர்த்தார்கள். ஆங்கில விக்கிப்பீடியா 2007-இலிருந்து வெளி லிங்குகள் எல்லாவற்றுக்கும் நோஃபாலோ போடுகிறது. டிஸ்கோர்ஸில் மூன்றாம் நம்பிக்கை நிலைக்கு வந்தவரின் லிங்குகளுக்குத்தான் அந்தக் குறி நீங்கும். அந்த நிலைக்கு வர மாதக்கணக்கில் படித்துப் பங்கெடுத்திருக்கணும். தேடலுக்காக லிங்க் தேடுகிற எண்ணத்தையே விடுங்கள். ஒரு லிங்கால் கிடைக்கக்கூடியது, அதைச் சொடுக்கி வருகிற அந்த ஆள் மட்டும்தான்.

வேப்பங்குச்சி:

சரி, நண்பர் ஐடி யோசனையை நான் விட்டுட்டேன். ஆனா ஃபேஸ்புக்ல லிங்கைப் பதிவுல போடாம முதல் கமெண்ட்ல போடுறது எல்லாரும் செய்றதுதானே? லிங்க் உள்ள பதிவை அட்மின் அசிஸ்ட் (ஃபேஸ்புக் குழுவோட தானியங்கி வடிகட்டி) தானாவே நிராகரிக்கிற மாதிரி நிறைய குழுவுல அமைச்சிருக்காங்க. அதைத் தாண்ட இது ஒரு வழி.

படலை:

அட்மின் லிங்க் வேண்டாம் என்றுதான் அந்த அமைப்பைப் போட்டார். கமெண்டில் போடுவது அவருடைய பூட்டைச் சுற்றிப் போவது. பார்த்தால் கோபம் வரும், வருவதும் நியாயம். அந்தக் குழுவில் லிங்கே இல்லாமல் எழுதுங்கள். மேலே வல்வைக்காற்று எழுதியது போன்ற பதிலை முழுதாக வைத்து, "நான் செய்த மாற்றி ஒன்றும் இருக்கிறது, வேண்டுமென்றால் கேளுங்கள்" என்று முடியுங்கள். யாராவது கேட்டால் அவருக்குக் கொடுங்கள். அது கேட்டுக் கொடுத்தது.

விதி அனுமதிக்கும் குழுவில் லிங்கைப் பதிவிலேயே போட்டுவிடுங்கள். அங்கே ஒளித்து வைப்பதுதான் சந்தேகம் தரும்.

பொன்வண்டு:

எங்கிருந்து ஆளுங்க வர்றாங்கன்னு தெரிஞ்சுக்க, லிங்கோட கடைசியில யூடிஎம் வால் (எங்கிருந்து வந்ததுன்னு குறிக்கிற கூடுதல் எழுத்துகள்) ஒட்டுறவங்க நிறைய. அந்த நீள வாலைப் பார்த்ததுமே இது பிரசார லிங்க்னு தெரிஞ்சுடும், மன்றங்கள்ல வேண்டாம். அது இல்லாம பார்த்தா, 2020-க்குப் பிறகு உலாவிகள் இயல்பா அனுப்புற பரிந்துரைத் தகவல்ல டொமைன் மட்டும்தான் இருக்கு, எந்த இழைன்னு வராது. வாட்ஸ்அப்ல அதுவும் வராது, எல்லாம் "நேரடி வருகை"ன்னு விழும். இதுக்கு எளிய வழி, உங்க சொந்த டொமைனுக்குள்ளேயே சின்னச் சின்னப் பாதைகள். சாய்கோட்டுக்குப் பின்னால டிடிபிக்கு ஒரு சொல், ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ரெண்டும் 302-ஆ (தற்காலிகத் திருப்புதல்) முகப்புக்குத் திருப்பி விடட்டும். சர்வர் பதிவேட்டுல எண்ணிக்கை இருக்கும், படிக்கிறவருக்கும் சுத்தமான சின்ன லிங்க் கிடைக்கும்.

டிஸ்கார்ட்ல போடுறதா இருந்தா லிங்கைக் கோண அடைப்புக்குறிக்குள்ள போடுங்க. பெரிய முன்னோட்ட அட்டை விரியாது, உரையாடல் நடுவுல இடத்தை அடைக்காது. சொந்தப் பொருளுக்குத் தனி அறை வெச்சிருந்தா அங்கே மட்டும்.

இன்னொண்ணு, போட்ட நேரம். போட்டுட்டுத் தூங்கப் போற நேரத்துல போடாதீங்க. முதல் ரெண்டு மூணு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்ல முடியிற நேரமா பாருங்க. "இது ஏற்கெனவே இருக்கே"ன்னு ஒரு கேள்வி கட்டாயம் வரும். என்எச்எம் மாற்றி, ஓபன்-தமிழ்னு பெயர் சொல்லித்தான் கேப்பாங்க. "ஆமா, இருக்கு. விண்டோஸ்ல நிறுவி வேலை செய்றவருக்கு அது போதும். இது நிறுவாம போன்லயும் ஓடும், வரி முறிவையும் கவனிச்சுக்கும்"னு சொல்லுங்க. பிழை சொன்னா உரை மாதிரி ஒண்ணு கேட்டு வாங்கி, திருத்தினதும் அதே இழையில "திருத்தியாச்சு"ன்னு ஒரு வரி. அந்த வரிக்காக இழையை எழுப்பறதை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.

எழுத்தாணி:

முதல் குழுவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன். டிடிபி குழு, லிங்க் அனுமதி உண்டு, அட்மினிடமும் கேட்டாச்சு:

"பாமினியில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது கொ, கோ, கௌ உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் வரி முறிவு. கொம்பு ஒரு வரியின் கடைசியில் நிற்கும், எழுத்து அடுத்த வரியில் தொடங்கும். வேர்டில் கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் பத்திக்குறியை இடைவெளியாக மாற்றிவிட்டு, அப்புறம் மாற்றியில் போட்டால் பெரும்பாலானவை சரியாகும். இதைத் தானாகவே கவனிக்கும் மாற்றி ஒன்றை நான் செய்திருக்கிறேன்: (லிங்க்). இலவசம், உரை உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, இணையத்தைத் துண்டித்துவிட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஆங்கிலம் கலந்த பத்தியை இது இன்னும் சரியாகப் பிரிப்பதில்லை. வானவில் எழுத்துரு வராது. தவறாக மாறும் சொல் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்."

வல்வைக்காற்று:

நல்லா இருக்கு. ஒரு திருத்தம்: பத்திக்குறியை இடைவெளியா மாத்தச் சொன்னா கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில ஒரு இடைவெளி விழும், பிறகும் உடையும். உண்மையான பத்தி முடிவுகளும் ஒண்டாச் சேர்ந்திடும். முதல்ல இரட்டைப் பத்திக்குறியை ஏதாவது அடையாளமா மாத்தி வைக்கச் சொல்லுங்கோ. பிறகு கொம்பு எழுத்துக்கும் பத்திக்குறிக்கும் சேர்த்துத் தேடி, பத்திக்குறியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு மூண்டுக்கும் தனித்தனியா. மிச்ச ஒற்றைப் பத்திக்குறிகளை அதுக்குப் பிறகு இடைவெளியாக்கலாம். கடைசியா அடையாளத்தைத் திரும்பப் பத்திக்குறி ஆக்கினாச் சரி. இந்த ஒழுங்கு பிழைச்சா முதல் பின்னூட்டமே அதைத்தான் சொல்லும்.

படலை:

அதைத் திருத்திவிட்டுப் போடுங்கள். நீக்கப்பட்டால் அட்மினுக்கு அனுப்ப வேண்டியது இரண்டே வரி: "என் பதிவு நீக்கப்பட்டதைப் பார்த்தேன். எந்த விதிக்கு மாறாக இருந்தது என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன், திரும்பப் போட மாட்டேன்." ஒருமுறை மட்டும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்தக் குழுவில் லிங்க் இல்லாமல் பதில் சொல்வதைத் தொடருங்கள். இரண்டாவது குழுவுக்கு அடுத்த வாரம், ஆசிரியர் குழுவாக இருந்தால் வினாத்தாளை வைத்துத் தொடங்குங்கள். இந்த உரையை அங்கே ஒட்ட வேண்டாம்.